ஆறாவது கட்டத்தில் இரண்டு துளை

ஜூன் 3, திங்கள்

அலுவலகப் பதிவேட்டில் எழுத முடியாதவற்றை எழுத இந்த நோட்டு. பதிவேட்டில் காற்றின் வேகம், வெப்பநிலை, சுட்ட எண்ணிக்கை மட்டும்தான் எழுதலாம். முதலாளி ஜெகநாதன் சார் இன்று காலை மைசூர்பாக் டப்பாவுடன் வந்து எல்லோர் வாயிலும் ஒரு துண்டைத் திணித்துவிட்டு, "இருபத்தேழாந் தேதி போலீஸ் கமிட்டி வருது. இன்னும் இருபத்தி நாலு நாளு" என்று அறிவித்தார் என்பதை அங்கே எழுத இடமில்லை.

என்னைப் பற்றி ஒரு பத்தி. பிரமிளா, முப்பத்தெட்டு வயது, மெக்கானிக்கல். பதினோரு வருடம் எம்பிராய்டரி மெஷின் கம்பெனியில் தையல்களை எண்ணும் பகுதியை வடிவமைத்தேன். என் மெஷின்கள் பத்து லட்சம் தையல் வரை பிசகாமல் எண்ணும். ஒன்றரை வருடத்துக்கு முன் ஜெகநாதன் சார் போன் செய்தார். "ஏம்மா, நீங்க பத்து லட்சம் வரைக்கும் எண்ண வெச்சிருக்கீங்க. எனக்கு மூணு வரைக்கும் எண்ணுனாப் போதும். வர்றீங்களா?" பம்ப்செட் செய்துகொண்டிருந்த மனிதர் உரிமம் வாங்கித் துப்பாக்கி செய்ய இறங்கியிருந்தார். என் வீட்டுக்காரர் முரளி, சிங்காநல்லூரில் பேக்கரி வைத்திருப்பவர், "மூணு வரைக்கும் எண்றதுக்குச் சம்பளமா? எனக்கும் ஒரு வேலை கேளு" என்றார்.

எங்கள் துப்பாக்கிக்கு ஜெகநாதன் சார் வைத்திருக்கும் பெயர் முச்சரம். கையில் பிடித்தால் சாதாரணக் கைத்துப்பாக்கி. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு. கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் பதினெட்டுத் தோட்டா. அதை வைத்துக்கொள்ளும் உறை கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. அந்த உறையையே துப்பாக்கியின் பின்னால் மாட்டினால் தோளில் அழுத்திப் பிடிக்கும் கட்டையாகிவிடும். அப்படி மாட்டிய பிறகுதான் அதிலுள்ள ஒரு சிறு நெம்புகோல் வேலை செய்யும். அதைத் திருப்பிவிட்டால் ஓர் இழுப்புக்கு மூன்று குண்டு. காதுக்கு மூன்றாகக் கேட்காது. துணி கிழிகிற மாதிரி ஒரே ஒரு டர்ர்.

ஏன் மூன்று? ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி மூக்கைத் தூக்கும். மூன்று வரை கை தாங்கும். நான்காவது, சுடுகிறவர் பார்க்காத இடத்துக்குப் போகும். கூட்டத்துக்கு நடுவே ஒருவரைப் பாதுகாக்கிற போலீஸ்காரருக்கு அது ஆகாது. அதனால் விரலை எடுக்காவிட்டாலும் மூன்றோடு தானே நிற்க வேண்டும். நிறுத்துவது தோள்கட்டைக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. அது என் சக்கரம்.

ஜூன் 6, வியாழன்

இன்று முதல் முழு நாள் சோதனை. இடம் பழைய கல்குவாரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குவாரிக்குள் இறங்கி என் காகிதங்களை மூன்று முறை தூக்கிக்கொண்டு போயிற்று.

சுடுகிறவர் ஹவில்தார் தங்கப்பன். நாகர்கோவில்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இடது காது கேட்காது, வலது காதில் பஞ்சு, அதன் மேல் காதுமூடி. எத்தனை குண்டு போயிற்று என்று கேட்டால், "மேடம், நான் சுடுக ஆளு. எண்ணுக ஆளு இல்ல, பாத்துக்கிடுங்க" என்பார்.

எண்ணுகிற ஆள் மயிலாத்தாள். மயிலக்கா. நாற்பத்தெட்டு வயது, இருகூர். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினாறு வருடம் டஜன் டஜனாக எண்ணி அட்டைப்பெட்டியில் அடைத்தவர். இங்கே மேகசினில் தோட்டா நிரப்புகிறார். சேலை மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. நிரப்பும்போது உதடு அசையும், பேசினால் பதில் வராது.

முறை இதுதான். பலகையில் ஆறு கட்டம் போட்ட காகிதம். ஒரு கட்டத்துக்கு ஓர் இழுப்பு. ஆறு இழுப்பில் பதினெட்டும் தீர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று துளை இருக்க வேண்டும்.

முப்பது மேகசின். எல்லாக் கட்டத்திலும் மூன்று மூன்று. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நானே ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

ஜூன் 7, வெள்ளி

பதினொன்றாவது மேகசினில் ஆறாவது கட்டத்தில் இரண்டு துளைதான். முதல் ஐந்து கட்டத்தில் சரியாக மூன்று. ஆக மொத்தம் பதினேழு.

மயிலக்காவிடம் போய், "அக்கா, பதினேழுதான் போட்டிருக்கீங்க" என்றேன்.

"இல்லீங் மேடம். பதினெட்டுப் போட்டனுங்க."

"துளை பதினேழுதானே இருக்கு?"

"துளையப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. நான் போட்டது பதினெட்டுங்க."

நான் சிரித்தபடிதான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். காற்று அப்படி. தங்கப்பன் திரும்பிப் பார்த்தார். ஒரு காது கேட்காமல், மறு காதையும் மூடியிருந்தவர் எதற்குத் திரும்பினார் என்று தெரியவில்லை.

எட்டு நாளுக்குப் பிறகு இன்று வீட்டில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் பிடித்து முடிக்க ஒன்பது மணி. இடுப்பு வலி.

ஜூன் 11, செவ்வாய்

மீண்டும். நாற்பது மேகசினில் ஒன்று. அதே ஆறாவது கட்டம், அதே இரண்டு.

மயிலக்கா இந்த முறை வாக்குவாதம் செய்யவில்லை. எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அவர் மட்டும் குவாரித் தரையில் உட்கார்ந்து, சுட்டபின் தெறித்து விழுந்த வெற்றுக் கூடுகளைப் பொறுக்கிப் பதினெட்டுப் பதினெட்டாகக் குவித்துக்கொண்டிருந்தார். வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தபடி இருந்தார். முக்கால் மணி நேரம். எழுந்து வந்து, "எழுநூத்தி இருவதுங்க. நாப்பது குமி. நான் போட்டதுக்குச் சரியா இருக்குதுங்க" என்றார்.

எழுநூற்றிருபது கூடு என்றால் எழுநூற்றிருபது சுட்டிருக்கிறது. துளை எழுநூற்றுப் பத்தொன்பது. அதனால் என்ன? போன வாரத்துக் கூடு ஒன்று மண்ணில் கிடந்திருக்கும். அதைத்தான் சொன்னேன்.

"போன வாரத்துது எல்லாத்தையும் நாந்தானுங்க கூட்டி அள்ளுனேன்" என்றார்.

"ஒண்ணு விட்டிருப்பீங்க அக்கா."

அவர் என்னைப் பார்த்துவிட்டு வேனில் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். வழக்கமாக என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தருவார். இன்று எனக்கும் பசியில்லை.

ஜூன் 12, புதன்

ஜெகநாதன் சார் என்ன பிரச்சினை என்று கேட்டார். லோடிங்கில் எண்ணிக்கை தவறுகிறது என்றேன். மயிலக்காவை பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார். மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

ஜூன் 13, வியாழன்

மயிலக்கா பேக்கிங்குக்கும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. இனி தோட்டா நிரப்புவது நானே. நகம் இரண்டு உடைந்தது. மேகசினின் கடைசி நான்கு தோட்டாவை உள்ளே அழுத்துவதற்கு ஒரு விரல் பலம் வேண்டியிருக்கிறது, அது எனக்கு இல்லை. மயிலக்கா இதைப் பேசிக்கொண்டே செய்கிற மாதிரி செய்வார். பேசமாட்டார், ஆனால் அப்படி இருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

இருபது மேகசின், நூற்றிருபது கட்டம். எல்லாம் மூன்று. வேறு சான்று வேண்டுமா?

முரளி தேங்காய் பன் கொண்டுவந்தார். நான்கு தின்றேன்.

ஜூன் 15, சனி

இன்று நானே போட்ட பதினெட்டு. இரண்டு முறை எண்ணிப் போட்டேன். ஆறாவது கட்டத்தில் இரண்டு.

ஜூன் 16, ஞாயிறு

நானும் மனுஷிதான். தவறாக எண்ணியிருக்கலாம்.

அதைச் சோதிக்க பேக்கரிக்குப் போனேன். வெண்ணெய் பிஸ்கட் தட்டிலிருந்து பதினெட்டு எடுத்து வைப்பது, முரளி சரிபார்ப்பது. முப்பது முறை செய்தோம். டீ குடிக்க வந்த இரண்டு பேர் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். முப்பது முறையும் பதினெட்டு.

"நீ தப்பா எண்ணல பிரமி" என்றார் முரளி. "அந்தக்காவும் பதினாறு வருஷம் எண்ணுனவங்க. அப்ப யாரு தப்பா எண்றா?"

"சக்கரம் எண்ணுறத நான் நாலாயிரம் தடவை டேபிள் மேல வெச்சுப் பாத்தாச்சு."

"டேபிள் மேலதானே?"

எனக்கு இவரிடம் பிடிக்காதது இதுதான். மாவு பிசைகிறவர் மாவைப் பற்றி மட்டும் பேச வேண்டும். வீட்டுக்கு வந்து குக்கரைத் தேய்த்தேன். பிறகு குக்கர் மூடியைத் தேய்த்தேன். பிறகு அடுப்பை.

சாயங்காலம் யோசித்தேன். ஒருவேளை சக்கரம் ஓர் இழுப்பில் நான்கு விட்டிருந்தால், அந்தக் கட்டத்தில் நான்கு துளை இருக்க வேண்டும். இல்லை. ஆகவே சக்கரம் சரி. இதை எழுதி முடித்த கையோடு இன்னொன்றும் தோன்றிவிட்டது. நான்காவது குண்டு பலகையிலேயே படாமல் போயிருந்தால்?

ஜூன் 17, திங்கள்

பலகைக்கு மேலே எதையாவது விரித்துக் கட்ட வேண்டும், பெரிதாக. முரளியின் பேக்கரி ஐந்தாம் ஆண்டு விழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸ் வீட்டு மொட்டை மாடியில் கிடந்தது. எட்டடிக்குப் பத்தடி. கேக் முன்னால் ஒரு குழந்தை, கையில் பலூன், வாயெல்லாம் க்ரீம். அதைச் சுருட்டி வேனில் போட்டுக்கொண்டு போனேன். பலகைக்குப் பின்னால் இரண்டு மூங்கில் நட்டுக் கட்டினோம்.

தங்கப்பன், "இந்தப் பிள்ளைய நோக்கியா சுடணும்?" என்றார்.

"பலகையைப் பாத்துச் சுடுங்க. பிள்ளை மேல படாது" என்றேன்.

முதல் மேகசின் சரி. இரண்டாவது, மூன்றாவது சரி. ஒவ்வொன்றுக்கும் நடந்துபோய்ப் பார்த்தேன். பலகைக்குப் பின்னால் கட்டங்களுக்கு நேராக மட்டும் ஃப்ளெக்ஸில் துளை. மதியம் தயிர்சாதம். தங்கப்பன் மகளுக்கு மார்த்தாண்டத்தில் வரன் பார்த்திருக்கிறாராம், மாப்பிள்ளை பல் டாக்டர். "இனி பல்லு செலவு மிச்சம்" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.

இருபத்துமூன்றாவது மேகசின். ஆறாவது கட்டத்தில் இரண்டு.

நடந்தேன். நடக்கும்போதே தூரத்திலிருந்து தெரிந்தது. பலகையின் மேல் விளிம்பிலிருந்து ஒரு முழம் உயரத்தில், வலது பக்கமாக, முன்பு இல்லாத ஓர் ஒளிப்புள்ளி. ஃப்ளெக்ஸின் பின்னாலிருந்து வெயில் வந்துகொண்டிருந்தது. குழந்தையின் நெற்றிக்கு நான்கு விரல் மேலே, பலூனில்.

தங்கப்பன் பின்னால் வந்து நின்றார். காதுமூடியைக் கழற்றினார். பஞ்சையும் எடுத்தார்.

பிறகு அவர், "இது தெருவாயிருந்தா?" என்றார்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் நின்றதால் இருக்கலாம்.

இல்லை. வெயிலால் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

காரணம் கிடைத்துவிட்டது. அதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை என்பதுதான் வெட்கம். தொடர்ந்து சுடும்போது சூட்டில் தோள்கட்டையின் பிளாஸ்டிக் இளகி, துப்பாக்கியோடு சேரும் இடத்தில் ஒரு மயிரிழை ஆட்டம் உண்டாகிறது. எப்போதாவது அந்த அதிர்ச்சியில் என் சக்கரம் ஒரு பல் பின்னால் நழுவுகிறது. அதாவது எண்ணியதில் ஒன்றை மறந்துவிட்டு மறுபடி எண்ணுகிறது. ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று. மேசை மேல் இருக்கும்போது சூடும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை, அதனால் மறதியும் இல்லை.

சாயங்காலம் இருகூர் போனேன். கையில் பேக்கரிப் பொட்டலம். அதைக் கொண்டுபோயிருக்கக் கூடாது என்று படியேறும்போதே தோன்றியது.

மயிலக்கா வாசலுக்கு நேராக உட்கார்ந்து நைட்டிகளுக்கு ஹூக் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஏதோ கடைக்கு வீட்டு வேலை. முடித்தவை டஜன் டஜனாகக் கட்டியிருந்தன.

"வாங்க மேடம். ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். "அக்கா, நீங்க போட்டது பதினெட்டுத்தான். சக்கரம்தான் தப்பா எண்ணிருக்கு. நான்..." என்று ஆரம்பித்து, வழியெல்லாம் தயாரித்த வாக்கியம் மறந்துபோயிற்று. "நான் உங்கள அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "நாலு புள்ளைங்களோட பொறந்து, அஞ்சாவதோட படிப்ப நிறுத்துனவ நானு. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு உருப்படியாத் தெரியுமுங்க. அது எண்றது. அதயும் தெரியாதுன்னு நாலு ஆம்பளைங்க முன்னால சொன்னது நீங்க ஒருத்தர்தானுங்க."

அவர் வீட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை, பௌர்ணமி எல்லாம் சிவப்பு மையால் சுழித்திருந்தது.

அடுத்த ஹூக்கை எடுத்தபடி அவரே கேட்டார். "அந்த நாலாவது எங்கதான் போச்சுங்க?"

சொன்னேன். ஃப்ளெக்ஸ், பலூன், நான்கு விரல். ஊசி நின்றது.

"அடக் கடவுளே" என்றார். "அப்ப கமிட்டிக்காரங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"உள்ளதைச் சொல்லணும்."

"மொதலாளி ஒத்துக்குவாருங்களா?"

"தெரியல."

ஹூக் பெட்டியை மூடினார். "நாளைக்கு வர்றனுங்க. ஆனா ஒண்ணு. எங்க வெச்சு, யாரு யாரு முன்னால எனக்கு எண்ணத் தெரியாதுன்னு சொன்னீங்களோ, அங்கயே அவங்க முன்னால சொல்லோணும்."

"சரி" என்றேன்.

வரக்காப்பி கொடுத்தார். பேக்கரிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 19, புதன்

குவாரியில் காலை எட்டு மணிக்குச் சொன்னேன். தங்கப்பன், வேன் ஓட்டுநர், காவலாளி, பலகை மாற்றும் ராசு. நால்வரும் வரிசையாக நின்று ஏதோ கொடியேற்றம் போலக் கேட்டார்கள். சத்தமாகத்தான் சொன்னேன், காற்று இல்லாதபோதும். தங்கப்பன் முடிந்ததும், "மேடம், வலது பக்கம் வந்து ஒருக்கா சொல்லுங்க, எனக்குப் பாதிதான் கேட்டுது" என்றார். மறுபடி சொன்னேன். மயிலக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஜெகநாதன் சார். ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு போய் அவர் அறையில் விரித்தேன்.

"எத்தனைக்கு ஒண்ணு?"

"இது வரைக்கும் நாலு தடவை. சூடானப்பறம்தான். எறநூறு இழுப்புக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்."

"கமிட்டி முன்னால அம்பது இழுப்புதாம்மா. வராம இருக்கறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி." சொல்லிவிட்டு மேசையில் இருந்த மைசூர்பாக் டப்பாவைத் திறந்தார். பிறகு மூடினார். ஃப்ளெக்ஸ் பக்கத்தில் மண்டியிட்டு அந்தத் துளைக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். அறுபத்திரண்டு வயது, முட்டி வலி வேறு.

"எம் பேத்திக்கு இந்த வயசுதாம்மா" என்று மட்டும் சொன்னார்.

எழுந்திருக்க நானும் கணக்குப்பிள்ளையும் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் 24, திங்கள்

மூன்று நாளில் சரிசெய்ய முடியாது. இணைப்பையே புதிதாக வடிவமைக்க வேண்டும். அச்சு செய்யவே இரண்டு வாரம். ஜெகநாதன் சார் கமிட்டிக்குப் போன் செய்து தள்ளிவைக்கக் கேட்டார். தள்ளிவைக்க முடியாது, வேறு இரண்டு கம்பெனிகள் காத்திருக்கின்றன, இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்றார்களாம்.

மயிலக்கா இன்னும் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் பின் சீட்டிலிருந்து நடு சீட்டுக்கு வந்திருக்கிறார்.

ஜூன் 27, வியாழன்

கமிட்டி. ஐந்து பேர். தலைவி உயரமான போலீஸ் அதிகாரி, நரைத்த முடியைக் கறுப்பாக்கிக்கொள்ளாதவர். குறுக்கே பேசமாட்டார், நம்மை முடிக்க விட்டுவிட்டுப் பார்ப்பார். அது இன்னும் பயம்.

முதலில் ஒற்றைச் சுடல். தங்கப்பன் பிரமாதம். தண்ணீரில் முக்கி எடுத்தும், மணலில் புரட்டி எடுத்தும் சுட்டுக் காட்டினார். ஒரு முறைகூடச் சிக்கவில்லை. கமிட்டியில் ஒருவர் உறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி விளையாடினார். இடுப்பில் இருப்பது இரண்டு விநாடியில் தோளுக்கு வருவது எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

"இப்ப மூணு மூணா சுடறதக் காட்டுங்க" என்றார் தலைவி.

ஜெகநாதன் சார் எழுந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அம்மா, அது இன்னைக்கு இல்லீங்க. அதுல ஒரு கோளாறு இருக்குது" என்று சொல்லி ஃப்ளெக்ஸை விரிக்கச் சொன்னார்.

குழந்தை, கேக், க்ரீம், பலூன். ஐந்து அதிகாரிகள் அதைச் சுற்றி நின்றார்கள். ஒருவருக்கு முதலில் இது விளம்பரமா என்று சந்தேகம். நான் விளக்கினேன். சக்கரம், சூடு, நழுவல், நான்காவது குண்டு. இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். தூசிதான் காரணம்.

தலைவி துளையைப் பார்த்தபடியே கேட்டார். "இதக் கண்டுபிடிச்சது யாரு?"

"எங்க டிசைன் இன்ஜினியர் பிரமிளாங்க" என்றார் ஜெகநாதன் சார் பெருமையாக.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையை எழுதிவிடுகிறேன். அது நன்றாக இருந்தது. ஃப்ளெக்ஸைக் கட்டியது நான்தானே, காரணம் கண்டுபிடித்ததும் நான்தானே என்று மனது கிடுகிடுவென்று சான்றுகளை எடுத்து அடுக்கியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. ஓரத்தில் மேகசின் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மயிலக்கா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இல்லைங்க மேடம்" என்றேன். "எங்க லோடிங் பாக்குற மயிலாத்தாள். அவங்க ரெண்டு தடவை சொன்னாங்க. நான்தான் நம்பல. அவங்களுக்கு எண்ணத் தெரியலன்னு சொல்லி வேலைய மாத்த வெச்சேன்."

தலைவி நேராக மயிலக்காவிடம் போனார். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

மயிலக்கா துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். "கண்டெல்லாம் புடிக்கலீங்க. பதினெட்டுப் போட்டனுங்க. பதினெட்டுன்னு சொன்னனுங்க."

தலைவி முதல் முறையாகச் சிரித்தார். பிறகு ஜெகநாதன் சாரிடம், "பத்து வாரம் தர்றேன். நூறு மேகசின், நிறுத்தாம. ஒரு இழுப்புல நாலு வந்தாலும் இல்ல, ரெண்டு வந்தாலும் இல்ல. காலிக் கூடு ஆயிரத்து எண்ணூறும் கணக்குல வரணும். எண்ண வேண்டியவங்க இவங்க" என்றார்.

திரும்பும்போது வேனில் மயிலக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடலை மிட்டாய் தந்தார்.

ஜூலை 15, திங்கள்

புதிய இணைப்பு, முதல் மாதிரி. கெட்டியாக இருக்கிறது. ஆனால் மாட்டுவதற்கு மல்யுத்த வீரர் வேண்டும். தங்கப்பனே திணறினார். மறுபடி வரைய வேண்டும்.

ஜூலை 31, புதன்

இரண்டாவது மாதிரி. மாட்ட எளிது. நூற்றுப்பத்தாவது இழுப்பில் நான்கு. வரைபடத்தைக் கிழித்தேன். மூன்று நிமிடம் கழித்து ஒட்டினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மூன்றாவது மாதிரி. சக்கரத்துக்கே ஒரு சின்னத் தடை வைத்தேன், முன்னால் மட்டும் போகலாம், பின்னால் நழுவ முடியாது. கூடவே இணைப்பில் பிளாஸ்டிக்குக்குப் பதில் எஃகு வளையம். நான்கு நாளில் முந்நூறு மேகசின். ஒவ்வொரு மேகசினுக்கும் மயிலக்கா தோட்டாவையும் எண்ணினார், கூடுகளையும் எண்ணினார், கட்டத்துத் துளைகளையும் எண்ணினார். எங்கும் மூன்று. "ஒங்க சக்கரத்துக்குப் புத்தி வந்துருச்சுங்க" என்றார்.

தங்கப்பன் மகளுக்கு நிச்சயம் முடிந்தது. பல் டாக்டர் எங்கள் எல்லோருக்கும் இலவசமாகப் பல் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். ஜெகநாதன் சாருக்குத்தான் முதல் தேவை.

செப்டம்பர் 5, வியாழன்

இதைப் பேருந்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

போலீஸ் சுடுதளம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். நூறு மேகசின், அறுநூறு இழுப்பு. தங்கப்பன் இருபது, அப்புறம் போலீஸ்காரர்கள் நான்கு பேர் முறை வைத்து இருபது இருபதாக. அதில் ஒரு பெண் காவலர் என் தோள் உயரம்தான் இருப்பார். அவர் சுடும்போதுதான் அதிகம் பயந்தேன். அவருடைய கட்டங்கள்தான் எல்லோருடையதைவிடவும் அழகு, மூன்று துளையும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் அடங்கும்.

பன்னிரண்டரைக்கு முடிந்தது. அறுநூறு கட்டம். ஒவ்வொன்றிலும் மூன்று. ஜெகநாதன் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். கமிட்டிக்காரர்கள் தாள்களில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்கள்.

"ஒண்ணு கொறையுதுங்க" என்றார் மயிலக்கா.

தரையில் தார்ப்பாயின் மேல் நூறு குவியல். தொண்ணூற்றொன்பதில் பதினெட்டு. கடைசியில் பதினேழு.

ஓர் இளம் அதிகாரி, "ஒரு காலிக் கூடுதானே, புல்லுல எங்கயாச்சும் கெடக்கும். துளைதான் எல்லாம் சரியா இருக்கே" என்றார். ஜெகநாதன் சாரும், "அதானே, ஒண்ணுதானேம்மா" என்றார். வெயில் உச்சியில். சாப்பாட்டு வண்டி வந்து நின்றுவிட்டது. சாம்பார் வாசனை.

"ஒருவேளை எண்றதுல..." என்று ஆரம்பித்தார் அந்த இளம் அதிகாரி.

"அவங்க கொறையுதுன்னா கொறையுதுங்க சார்" என்றேன். "தேடலாம்."

தலைவி தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் புல்லுக்குள் குனிந்தார். அதற்குப் பிறகு யார் நிற்பார்கள்? ஐந்து அதிகாரிகள், நான்கு காவலர்கள், முதலாளி, நான், எல்லோரும் ஒரே வரிசையாகக் குனிந்து புல்லை விலக்கிக்கொண்டு நகர்ந்தோம். ஒரு மணி இருபது நிமிடம். ஓணான் ஒன்று, பழைய பாட்டில் மூடி மூன்று, யாருடையதோ ஒரு கொலுசுத் திருகாணி. கூடு இல்லை.

தங்கப்பன் முதலில் சோர்ந்தார். "எனக்க முதுகு போச்சு" என்று சொல்லிக் குழாயடிக்குப் போய், கை கழுவும் முன், காலையிலிருந்தே முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கி மறுபடி மடிக்கப் போனார். டிங் என்று சிமெண்டில் ஒரு சத்தம். அவருக்குக் கேட்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"காலையில என்னவோ சுரீர்னு கடிச்சுது. எறும்புன்னு நெனச்சேன்" என்றார். முழங்கையில் ஒரு சின்னக் கொப்புளம்.

இளம் அதிகாரிதான் ஓடிப்போய்க் கூட்டை எடுத்தார். கொண்டுவந்து இரண்டு கையாலும் மயிலக்காவிடம் கொடுத்தார். மயிலக்கா அதைத் துடைத்துக் கடைசிக் குவியலின் மேல் வைத்தார். பிறகு அந்தக் குவியலை முதலிலிருந்து மறுபடி எண்ணினார். யாரும் சாப்பாட்டு வண்டியைப் பார்க்கவில்லை.

"பதினெட்டு" என்றார்.

தலைவி தாளை அவர் பக்கம் திருப்பினார். எண்ணியவர் என்று அச்சடித்திருந்த இடத்தில் ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல், மயிலாத்தாள் என்று தன் பெயரை எழுதினார் மயிலக்கா. ள்-க்கு வைத்த புள்ளியை ஒரு முறை அழுத்திவிட்டார்.

அதற்குக் கீழே வடிவமைத்தவர் என்று ஒரு கோடு இருந்தது. அவர் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இப்ப நீங்க போடுங்க அம்மிணி."